கோயில் வயலும் குடும்ப அறக்கட்டளையும்

மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரைப் பக்கம் போகிறபோது, வட்டைக்குள், அதாவது வயல்வெளிக்குள், ஒரு வயலைக் காட்டி "இது ஆர்ர வயல்?" என்று கேட்டால், சிலவேளை "அது கோயில்ர வயல்" என்று பதில் வரும். எப்போதோ ஒரு போடியார், நிறைய வயல் வைத்திருந்தவர், எழுதிக் கொடுத்தது. கொடுத்தவர் கண்மூடி இரண்டு தலைமுறை போயிருக்கும். வயல் அங்கேயே கிடக்கிறது. போகத்துக்குப் போகம் யாரோ குத்தகைக்குச் செய்கிறார்கள். குத்தகை நெல் விற்ற காசில் கோயிலில் ஒரு நாள் பூசையோ அன்னதானமோ நடக்கிறது. அந்த வயலை விற்று ஒரே வருடத்தில் பெரிய திருவிழா எடுத்துவிடலாம் என்று யாராவது சொன்னால் ஊர் விடாது. விளைச்சலைத் தொடலாம், வயலைத் தொடக்கூடாது.

குடும்ப அறக்கட்டளை என்றால் என்ன என்று என்னிடம் கேட்பவர்களுக்கு நான் முதலில் இந்த வயலைத்தான் காட்டுவேன். சுவாமிக்குப் பதில் ஊர்ப் பிள்ளைகள், வயலுக்குப் பதில் பெரும்பாலும் வங்கியில் கிடக்கும் பணம், கோயில் நிர்வாகியான வண்ணக்கருக்குப் பதில் பொறுப்பாளர்கள். மீதி ஏறக்குறைய அதேதான். கொக்கட்டிச்சோலை, மண்டூர், திருக்கோவில் என்று பெரிய கோயில்களைப் பார்த்து வளர்ந்த நமக்கு இது புதிய விஷயமே இல்லை. பெயர்தான் புதிது.

சில வருடங்களாக அப்படி ஒரு சின்ன அறக்கட்டளைக்கு நான் கணக்குப் பார்க்கிறேன். பெயர் வேண்டாம், அந்தக் குடும்பமும் அதை விரும்பாது. கீழே சொல்வதில் பாதி சட்டமும் கணக்கும். மற்றப் பாதி அந்த வேலையில் அடிபட்டுக் கற்றது.

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துவிடலாம். லண்டனிலோ கனடாவிலோ இருக்கும் ஒருவர் ஊருக்கு வருகிறார், அம்மாவின் ஆண்டுத் திவசத்துக்கு 50 பிள்ளைகளுக்குக் கொப்பியும் புத்தகப்பையும் கொடுக்கிறார், திரும்பிப் போகிறார். நல்ல காரியம். ஆனால் அது தானம், அறக்கட்டளை அல்ல. அடுத்த வருடம் அவருக்கு வேலை போனால் கொப்பியும் போய்விடும். ஊரிலுள்ள மரண உதவிச் சங்கமும் அறக்கட்டளை அல்ல. அது அங்கத்தவர்கள் காசு போட்டு அங்கத்தவர்களே எடுப்பது. அரசு சாரா நிறுவனம் வேறு ஒன்று: வெளியே ஒரு கொடையாளியிடம் திட்டம் எழுதிக் கொடுத்துப் பணம் வாங்குவது. திட்டக்காலம் மூன்று வருடம் என்றால் நான்காம் வருடம் அலுவலகப் பலகையைக் கழற்றிவிடுவார்கள். குடும்ப அறக்கட்டளை என்பது, ஒரு குடும்பம் தன் சொந்தச் சொத்தில் ஒரு பங்கைப் பிரித்து, 'இனி இது எங்களுடையது இல்லை' என்று சட்டப்படி எழுதி வைத்து, அதன் வருமானத்தை மட்டும் ஒரு பொதுக் காரியத்துக்குச் செலவிடுவது. அந்த 'இனி எங்களுடையது இல்லை' என்ற வரிதான் கொடுப்பவர்களுக்கே கஷ்டமான வரி. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன்.

2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு, வாவிக்கும் கடலுக்கும் இடைப்பட்ட எழுவான்கரையில் இருந்தவர்களுக்கு இந்த வித்தியாசத்தை விளக்கவே தேவையில்லை. கல்லடி, நாவலடிப் பக்கமெல்லாம் வெளிநாட்டு நிறுவனங்களின் வெள்ளை வாகனங்கள் வரிசைகட்டி நின்றன. சில இடங்களில் தேவைக்கு மேலாகவே சிறு படகுகள் வந்து சேர்ந்தன. சில வருடங்களில் அந்த வாகனங்கள் ஒவ்வொன்றாகக் காணாமல் போயின. அவர்களைக் குறை சொல்ல நான் வரவில்லை. அந்த நேரத்தில் அவர்கள் வந்திராவிட்டால் என்ன ஆகியிருக்கும் என்று நினைக்கவே பயம். ஆனால் அது பெருமழை மாதிரி. வாவிக்கு அந்தப் பக்கம், கடல் தொடாத படுவான்கரைக்கு அந்த மழையில் கொஞ்சம்தான் விழுந்தது. குடும்ப அறக்கட்டளை மழை இல்லை, வாய்க்கால். தண்ணீர் கொஞ்சமாகத்தான் வரும். வருடா வருடம் வரும்.

சரி, இதை எப்படித் தொடங்குவது?

இலங்கையில் பழைய வழி, நொத்தாரிசு (பத்திரங்களை அத்தாட்சிப்படுத்தும் சட்டத்தரணி) முன்னால் ஓர் உறுதி, அதாவது சொத்துப் பத்திரம், எழுதுவது. 1917ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க நம்பிக்கைப் பொறுப்புக் கட்டளைச் சட்டம்தான் இன்றும் இதற்கு அடிப்படை. வறுமை நிவாரணம், கல்வி, சமயம், மனிதருக்குப் பயன்படும் வேறு பொதுக் காரியங்கள் ஆகியவற்றை அது தரும நோக்கமாக ஏற்றுக்கொள்கிறது. காணியை வைத்து அறக்கட்டளை அமைப்பதானால் வாய்ப்பேச்சை நம்பக்கூடாது, பொதுவாக நொத்தாரிசு உறுதி தேவை. இன்னொரு வழி கம்பனியாகப் பதிவது. 2007ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கக் கம்பனிகள் சட்டத்தில் உத்தரவாதத்தால் வரையறுக்கப்பட்ட கம்பனி என்று ஒன்று இருக்கிறது. அதில் பங்கும் இல்லை, பங்குதாரரும் இல்லை. தரும நோக்கத்துக்கு அனுமதி பெற்றால் வருகிற இலாபத்தை அங்கத்தவர்கள் பிரித்து எடுக்க முடியாது. பிள்ளைகள் நாலு நாட்டில் சிதறியிருக்கும் குடும்பங்களுக்கு இது வசதி. கூட்டக் குறிப்பு, வருடாந்தக் கணக்கு எல்லாம் ஒழுங்காக இருந்தே ஆகவேண்டும் என்று சட்டமே பிடித்து இழுக்கும். முஸ்லிம் ஊர்களில் வக்பு, அதாவது தருமத்துக்கென்று எழுதிவைத்த சொத்து, இருக்கிறது, அதற்கு 1956ஆம் ஆண்டின் 51ஆம் இலக்கச் சட்டம். சம்மாந்துறையிலோ காத்தான்குடியிலோ இருப்பவர்களுக்கு நான் இந்தக் கட்டுரையின் முதல் பந்தியில் சொன்ன கோயில் வயல், பள்ளிவாசலின் வக்புக் காணியாகத்தான் மனதில் வரும். கருத்து ஒன்றுதான்.

வெளியாரிடமும் நன்கொடை வாங்கப் போகிறீர்கள், வெளிநாட்டுக் காசும் வரும் என்றால் தொண்டு நிறுவனங்களைப் பதிவுசெய்யும் 1980ஆம் ஆண்டின் 31ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் பதிவு தேவைப்படுமா என்று ஒரு சட்டத்தரணியிடம் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். பிரதேச செயலகத்தில் போய் நின்று முழிப்பதைவிட அது மலிவு.

காணி கொடுக்க நினைப்பவர்களுக்கு ஒரு தனி எச்சரிக்கை. நம் மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் 'என்னுடைய வயல்' என்று சொல்லப்படும் எத்தனையோ ஏக்கர் உறுதிக்காணி அல்ல, பேர்மிட் காணி. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் அரசு கொடுத்தது. கல்லோயாக் குடியேற்றத் திட்டத்தில் கிடைத்த காணிகளிலும் இந்தக் கதை உண்டு. அதை விரும்பியபடி ஓர் அறக்கட்டளைக்கு எழுதிவிட முடியாது. அப்புறம் முதிசம் (பரம்பரைச் சொத்து), சீதனம் என்கிற விவகாரம். எங்கள் பக்கத்தில் காணி பெரும்பாலும் பெண்பிள்ளைகள் வழியாகப் போவது வழக்கம். அண்ணன் பெருந்தன்மையாகக் கொடுக்க முன்வந்த வயல், உண்மையில் தங்கச்சியின் சீதனப் பங்காக இருக்கும். இந்தச் சண்டை ஒன்றை நான் கிட்ட இருந்து பார்த்தேன். தருமம் செய்யப் போய் ஒரு வீட்டில் அண்ணனும் தங்கச்சியும் இன்றுவரை பேச்சில்லை.

இப்போது கணக்கு. ஒரு குடும்பம் ஒரு கோடி ரூபாயை நிலையான வைப்பில் போட்டு அறக்கட்டளை தொடங்குகிறது என்று வைத்துக்கொள்வோம். ஊரில் ஒரு கோடி என்றால் பெரிய சத்தம் கேட்கும். உள்ளே போய்ப் பார்ப்போம். வருட வட்டி 8 சதவீதம் என்றால் 8 லட்சம் ரூபாய். 2025 ஏப்ரல் முதல் வட்டியில் 10 சதவீதத்தைப் பொதுவாக வங்கியே வரியாகப் பிடித்துக்கொள்கிறது. மிச்சம் 7 லட்சத்து 20 ஆயிரம். இதையெல்லாம் செலவழித்துவிட்டால் பத்து வருடத்தில் அந்த ஒரு கோடி பெயருக்குத்தான் ஒரு கோடியாக இருக்கும். விலைவாசி அதை உள்ளுக்குள் அரித்திருக்கும். ஆகவே மூன்றில் ஒரு பங்கை, 2 லட்சத்து 40 ஆயிரத்தை, திரும்ப முதலில் போடவேண்டும். மிச்சம் 4 லட்சத்து 80 ஆயிரம். மாதத்துக்கு 40 ஆயிரம். கணக்காய்வு, போன், பஸ் காசு என்று மாதம் 4 ஆயிரத்தை ஒதுக்கினால் கையில் நிற்பது 36 ஆயிரம்.

ஒரு கோடி ரூபாய் அறக்கட்டளை, மாதம் 3 ஆயிரம் வீதம் 12 உயர்தர வகுப்பு (பல்கலைக்கழகத்துக்கு முந்தைய வகுப்பு) மாணவர்களைத் தாங்கும். அவ்வளவுதான். இந்தக் கணக்கைக் கேட்டதும் முகம் வாடிப்போகிறவர்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். "இதுக்கா ஒரு கோடி?" என்பார்கள். ஆனால் அடுத்த வருடமும் 12 பேர். அதற்கடுத்த வருடமும். கொடுத்தவர் செத்த பிறகும்.

அமெரிக்காவில் இப்படிப்பட்ட தனியார் அறக்கட்டளைகள் தங்கள் முதலீட்டுச் சொத்தின் மதிப்பில் ஏறக்குறைய 5 சதவீதத்தை வருடந்தோறும் செலவிட்டே ஆகவேண்டும் என்று சட்டம் இருக்கிறது. பணத்தைப் பெட்டியில் பூட்டிவைத்துக்கொண்டு தருமவான் பட்டம் வாங்கக்கூடாது என்பது அதன் நோக்கம். மேலே போட்ட கணக்கும் அந்த 5 சதவீதத்துக்குப் பக்கத்தில்தான் நிற்கிறது.

வங்கி வட்டியை மட்டும் நம்புவதும் ஆபத்து. 2022 செப்டம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 சதவீதம். அந்த வருடம் நாங்கள் கொடுத்த அதே 3 ஆயிரத்தில் ஒரு பிள்ளை வாங்கக்கூடியது ஏறக்குறைய ஐந்தில் மூன்று பங்காகச் சுருங்கிவிட்டது. 2023 தொடக்கத்தில் வைப்பு வட்டி 20 சதவீதத்தைத் தாண்டியது. பலர் அதைப் பார்த்து உதவியை இரண்டு மடங்காக்கினார்கள். பிறகு வட்டி ஒற்றை இலக்கத்துக்கு இறங்கியபோது வாக்குக் கொடுத்த பிள்ளைகளிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் திண்டாடினார்கள். வயலை நம்பினாலும் பாடு இதுவே. 2021இல் இரசாயன உரத்தை நிறுத்தியபோது அந்தப் பெரும்போகத்தில் விளைச்சல் விழுந்தது, குத்தகையும் விழுந்தது. 2011 ஜனவரி வெள்ளத்தில் மட்டக்களப்பு, அம்பாறை வயல்கள் என்ன பாடுபட்டன என்பது எல்லோருக்கும் தெரியும். கொஞ்சம் வங்கியில், கொஞ்சம் வயலில், நல்ல வருடத்தில் மிச்சம் பிடித்து ஒரு கையிருப்பு. விவசாயி வீட்டில் விதைநெல்லை வேறாகக் கட்டி வைப்பார்களே, அந்தப் புத்திதான் இங்கேயும் வேண்டும்.

பணத்தை எதில் செலவழிப்பது? கட்டிடம்தான் எல்லோருக்கும் முதலில் மனதில் வருகிறது. முகப்பில் அப்பாவின் பெயரைப் பளிங்கில் பொறிக்கலாம். நான் கட்டிடத்துக்கு எதிரி. சும்மா சொல்லவில்லை. ஒரு பாடசாலையில் கணினி அறை ஒன்று திறந்துவைத்தார்கள், நாடா வெட்டி, குத்துவிளக்கேற்றி. ஒரு வருடம் கழித்துப் போனேன். பூட்டு. மின்சாரக் கட்டணம் யார் கட்டுவது என்று தீரவில்லை, படிப்பிக்க ஆசிரியர் இல்லை, வௌவால் எச்சம் மட்டும் இருந்தது. கட்டிடம் ஒரு தடவைச் செலவு போலத் தெரியும். உண்மையில் அது ஒவ்வொரு மாதமும் சோறு கேட்கிற பிள்ளை.

நாங்களும் தவறு செய்தோம். படுவான்கரையில் உயர்தரத்தில் விஞ்ஞானமோ கணிதமோ படிக்க விரும்பும் பிள்ளைகள் தூரம் போகவேண்டியிருக்கிறது. 2014இல் மண்முனைப் பாலம் திறந்த பிறகு பரவாயில்லை; அதற்கு முன் அந்த இடத்தில் 'பாதை'யில்தான் வாவியைக் கடக்கவேண்டும். வெளியூர் வாசகர்களுக்கு: இங்கே பாதை என்றால் தெரு அல்ல, ஆட்களையும் சைக்கிளையும் ஏற்றி வாவியைக் கடக்கும் மிதவை. குருமண்வெளிப் பக்கம் போனால் பார்க்கலாம். அதனால் சைக்கிள் கொடுப்போம் என்று முடிவெடுத்தோம். பெண்பிள்ளைகளுக்கு முதலிடம். புதுச் சைக்கிள்கள், கூடை வைத்தது, மணி அடித்தது. எல்லோருக்கும் சந்தோஷம்.

ஆறு மாதம் கழித்து ஒரு வீட்டுக்குப் போனால் சைக்கிள் மாமரத்தில் சாய்ந்து கிடக்கிறது. பின் ரியூப் போய்விட்டது. கிரவல் ரோட்டில் எந்த ரியூப் நிற்கும்? பிள்ளை திரும்பவும் நடக்கிறாள். அவளுடைய அம்மம்மா திண்ணையில் இருந்து வெற்றிலை இடித்துக்கொண்டு சொன்னார்: "சைக்கிள் தந்தீங்க மனே, நல்லம். ரியூப்புக்கு ஆரு தருவா?"

அவர் கேட்டது ஒரு ரியூப்பைத்தான். ஆனால் அந்தக் கேள்வியில் எங்கள் வேலை முழுவதும் இருந்தது. அடுத்த கூட்டத்தில் புதிதாகச் சைக்கிள் வாங்கும் திட்டத்தை நிறுத்தினோம். சந்தியிலுள்ள சைக்கிள் கடைக்காரரோடு ஓர் ஏற்பாடு: எங்கள் பட்டியலில் உள்ள பிள்ளை வந்தால் ஒட்டுப் போட்டுக் கொடுங்கள், பிரேக் கட்டை மாற்றுங்கள், கொப்பியில் எழுதுங்கள், மாத முடிவில் நாங்கள் கட்டுகிறோம். படம் எடுக்க ஒன்றுமில்லை. பத்திரிகைக்கு அனுப்ப ஒன்றுமில்லை. ஆனால் சைக்கிள்கள் ஓடின. அந்தக் கடைக்காரருக்கும் மாதம் ஒரு நிச்சய வருமானம். ஊரில் செலவழிக்கிற காசு ஊருக்குள்ளேயே இன்னொரு தடவை சுற்றும் என்பது நாங்கள் எதிர்பாராமல் கிடைத்த இலாபம்.

இதே மாதிரிதான் மற்றதும். முன்பள்ளி ஆசிரியைகளின் சம்பளம் சொல்ல வெட்கமான தொகை. அதற்கு மேல் மாதம் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தால் நல்லவர்கள் விட்டுப் போகமாட்டார்கள். பாடசாலையில் கணித ஆசிரியர் வெற்றிடம் இருந்தால், பல்கலைக்கழகம் முடித்து வேலைக்குக் காத்திருக்கும் ஊர்ப் பிள்ளை ஒருவருக்குக் கொடுப்பனவு கொடுத்து, அதிபரின் சம்மதத்தோடு, பின்னேர வகுப்பு நடத்தலாம். கிழமைக்குக் கிழமை வந்து படலையைத் தட்டும் நுண்கடன்காரர்களிடம் சிக்கிய பெண்களுக்குச் சுழற்சி நிதி உதவும், ஆனால் அதை நடத்தத் தெரிந்த மாதர் சங்கம் ஊரில் இருந்தால் மட்டும். இல்லையென்றால் தொடாதீர்கள். கடன் கொடுக்கத் தொடங்கிய நாளிலிருந்து ஊர் உங்களைப் பார்க்கும் பார்வை மாறிவிடும்.

தொடக்கூடாத இன்னும் சில இருக்கின்றன. யானை வேலி போடுவது, ரோட்டுக்குக் கல் போடுவது, குளக்கட்டு திருத்துவது: இவை அரசின் வேலை. மாதம் 36 ஆயிரம் ரூபாயை வைத்துக்கொண்டு அரசின் வேலையைச் செய்யப் புறப்பட்டால் வேலையும் முடியாது, 'அதுதான் பவுண்டேஷன்காரர் செய்கிறார்களே' என்று அதிகாரிக்கு ஒரு சாட்டும் கிடைத்துவிடும். யானை அடித்த வீட்டுக்கு நட்டஈடு கேட்டு விண்ணப்பம் நிரப்பத் தெரியாத ஒரு கமக்காரருக்கு அந்தப் படிவத்தை நிரப்பிக் கொடுத்து, கூடவே அலுவலகம் வரை போய் வர ஓர் ஆளை அனுப்புவது, எங்கள் அனுபவத்தில், இருநூறு மூட்டை அரிசியைவிடப் பெரிய உதவி.

யாருக்குக் கொடுப்பது என்பதுதான் ஊரில் உண்மையான தலையிடி. பத்துப் பேருக்குத்தான் காசு இருக்கிறது, நாற்பது பேர் தகுதியானவர்கள். பொறுப்பாளரின் மச்சாள் மகன் பட்டியலில் இருப்பான். கோயில் நிர்வாகத்தில் உள்ளவர் ஒரு பெயர் சொல்வார், கட்சிக்காரர் ஒரு பெயர். நாங்கள் கடைசியில் கண்டுபிடித்த வழி இதுதான்: குடும்பத்தவர் தெரிவுக் குழுவில் இருப்பதில்லை. ஓய்வுபெற்ற ஓர் அதிபர், ஒரு குடும்பநல உத்தியோகத்தர் (மருத்துவிச்சி), அயலூரிலிருந்து ஒருவர். வீடு வீடாகப் போகும் குடும்பநல உத்தியோகத்தருக்குத் தெரியாத அடுப்பு ஊரில் இல்லை. விதியை முன்கூட்டியே எழுதிப் பாடசாலை அறிவித்தல் பலகையில் ஒட்டுகிறோம். கிடைக்காதவர்களுக்கும் ஏன் கிடைக்கவில்லை என்று ஒரு கடிதம். அப்படியும் பேச்சு வாங்காமல் இருக்கமுடியாது. வாங்குங்கள்.

அப்புறம் படம். பிள்ளையை மேடையில் நிறுத்தி, பெரிய காசோலை மட்டையைக் கையில் கொடுத்து, முகநூலில் போடுவது. அந்தப் பிள்ளை நாளைக்கு வகுப்பில் எப்படி உட்காரும் என்று யாரும் யோசிப்பதில்லை. எங்கள் அறக்கட்டளையில் உதவிப் பணம் நேரே வங்கிக் கணக்குக்குப் போகிறது, அவ்வளவுதான். இதைச் சொன்னபோது குடும்பத்தில் ஒருவருக்குக் கோபம். "அப்பாவின் பெயர் ஒருவருக்கும் தெரியாமல் போய்விடுமே" என்றார்.

இங்கேதான் நான் முதலில் சொன்ன அந்த வரி திரும்ப வருகிறது. 'இனி இது எங்களுடையது இல்லை.' உறுதியில் கையெழுத்து வைப்பது ஒரு நிமிடம். மனம் கையெழுத்து வைக்க வருடக்கணக்காகும். கொடுத்தவரின் பிள்ளைகள் சுவிஸில் இருந்து போன் எடுத்து, இந்த முறை அம்மாவின் ஊருக்குக் கொடுங்கள், என் சிநேகிதனின் மகளுக்குக் கொடுங்கள் என்பார்கள். கெட்ட எண்ணம் இல்லை. அவர்களுக்கு அது இன்னும் அப்பாவின் காசு. பேரப்பிள்ளைகளுக்கோ ஊரே தெரியாது. அதனால்தான் உறுதி எழுதும்போதே நோக்கத்தைத் தெளிவாக எழுதவேண்டும், ஆனால் இறுக்கிக் கட்டிவிடக்கூடாது. 'மாணவர்களுக்கு அரிக்கன் லாம்பு வாங்கிக் கொடுக்க' என்று அந்தக் காலத்தில் ஒருவர் எழுதியிருந்தால் இன்று அந்தப் பணத்தை என்ன செய்வது? 'இந்த ஊர்ப் பிள்ளைகள் தொடர்ந்து படிக்க' என்று எழுதினால் லாம்புக்கும் போகும், ரியூப்புக்கும் போகும். பொறுப்பாளர் இறந்தால் அடுத்தவர் எப்படித் தெரிவாவார், குடும்பத்துக்கு வெளியே எத்தனை பேர் இருப்பார்கள், கணக்கை வருடத்துக்கு ஒரு தடவை யாருக்குக் காட்டவேண்டும் என்பதையும் அதிலேயே எழுதுங்கள். கோயிலில் வருடாந்தக் கணக்கை ஊர் கூடிக் கேட்கும் வழக்கம் நமக்குப் பழக்கமானதுதானே. எங்கள் கணக்கை ஒவ்வொரு சித்திரையிலும் பாடசாலை மண்டபத்தில் வாசிக்கிறோம். பெரும்பாலும் இருபது பேர் வருவார்கள், பாதிப்பேர் தேத்தண்ணிக்கு.

போன சித்திரையில் சைக்கிள் கடைக்காரர் தன் கொப்பியோடு வந்திருந்தார். எங்கள் கணக்கில் ஒட்டு எண்ணிக்கை இரண்டு குறைகிறது என்றார். பக்கத்தைப் புரட்டி, திகதியையும் பிள்ளையின் பெயரையும் விரலால் தொட்டுக் காட்டினார். திருத்திக்கொண்டோம்.